நம்பிக்கை இழந்தவன் பேசலாமா?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் மாணவர் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பேச வேண்டுமென்று செயற்குழு விரும்பிற்று. தலைப்பை நீயே தெரிந்துகொள் என்று விட்டுவிட்டார்கள். நான் தெரிந்துகொண்ட தலைப்பைக் கேட்ட செயலாளர் அண்ணன் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "பேசு, ஆனால் முன்வரிசையில் பெரியவர்கள் இருப்பார்கள் என்பதை மட்டும் மறவாதே" என்றார். மறவாமலே பேசுகிறேன்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அது போய் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிறது. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டிலே நின்று சொல்வதாகவும் நினைக்கவில்லை. இங்கே இருக்கும் இளைஞருள் என்னைப் போன்றவர் இன்னும் சிலர் உண்டு என்பதை நான் அறிவேன். அவர்கள் பேசுவதில்லை. பேசாமல் இருப்பது சரியா, பேசுவது சரியா, பேசினால் யாரிடம் எந்த அளவில் பேசுவது என்பதே என் கேள்வி. கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை இன்று இந்தச் சபையில் எடுக்கப்போவதில்லை. ஆயிரம் ஆண்டுகளாகத் தீராத வழக்கு அரை மணி நேரத்தில் தீரப்போவதுமில்லை.

முதலில் நாத்திகன் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் அது வசைச்சொல்லாகவே வழங்குகிறது. கோயில் வரி கொடாதவனையும் நாத்திகன் என்கிறோம். குடித்துவிட்டுத் திருவிழாவிலே சண்டை பிடிப்பவனையும் நாத்திகன் என்கிறோம். பின்னவன் பெரும்பாலும் மிகுந்த பக்திமான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நம் முன்னோர் இச்சொல்லை இவ்வளவு மலிவாக வழங்கவில்லை. மணிமேகலைக் காப்பியத்திலே, வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அக்கூட்டத்தில் பூதவாதி ஒருவனும் இருக்கிறான். உடலோடு உயிரும் முடிந்தது, மறுபிறவி என்பது பொய் என்பவன் அவன். அவனை யாரும் அடித்துத் துரத்தவில்லை. கண்ணால் கண்டதையே ஏற்பேன் என்கிறாயே, உன் தாய் தந்தையர் இவரென்பதை நீ அனுமானத்தால் அல்லவா அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். நல்ல கேள்வி. இன்றைக்கும் என் போன்றோர் யோசித்து விடை சொல்ல வேண்டிய கேள்வி.

காப்பியத்தை விட்டுச் சாத்திரத்திற்கு வருவோம். சைவசித்தாந்த சாத்திரங்கள் பதினான்கினுள் ஒன்றாகிய சிவஞான சித்தியாரை அருளியவர் அருணந்தி சிவாசாரியார். அந்நூலில் பரபக்கம் என்றொரு பகுதி உண்டு. பிற மதங்களை எடுத்துக் கூறி மறுப்பது அது. எடுத்துக்கொண்ட மதங்களுள் முதலாவது எது? உலகாயதம். கடவுளும் இல்லை, வினையும் இல்லை, மறுமையும் இல்லை என்பவனுடைய கட்சியை, அவன் வந்து பேசினால் எப்படிப் பேசுவானோ அப்படியே நிறுத்தி உரைத்த பின்னரே ஆசிரியர் மறுக்கத் தொடங்குகிறார். எதிர்க்கட்சியைச் சரியாகச் சொல்லாமல் மறுப்பது மறுப்பாகாது என்பது அவர் கொள்கை. ஆகவே பெரியோர்களே, எனக்கு இந்த மேடையில் இடம் கொடுத்தது புதுமையன்று. சாத்திரம் என் கட்சிக்காரனுக்கு முதல் ஆசனமே கொடுத்திருக்கிறது. உதைப்பதற்காகத்தான் என்றாலும் ஆசனம் ஆசனந்தான்.

இனி நான் பெரிதும் யோசித்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். இருவர் பிறப்புக்கும் இடையே எழுபத்தாறு ஆண்டு இடைவெளி. ஒருவர் சைவத்தின் காவலர். மற்றவர் எல்லாச் சமயங்களையும் கைவிட்டவர். இருவரையும் இணைப்பது ஒரு பாடசாலை. யாழ்ப்பாணத்திலே வெஸ்லியன் மிஷனார் நடத்திய ஆங்கிலப் பாடசாலை அது. பிற்காலத்தில் மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்றது. முதல்வர் ஆறுமுக நாவலர். இரண்டாமவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர்.

நாவலர் 1822இல் பிறந்தவர். அப்பாடசாலையிலே பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத்தைத் தமிழாக்கினார். திருநீறணிந்த நெற்றியோடு கிறிஸ்தவ வேதத்தை வரிக்கு வரி தமிழில் வடித்தார். பிறர் வேதத்தை அந்த அளவுக்கு ஊன்றிக் கற்ற சைவர் அன்று வேறு யார்? 1848இல் அவ்வேலையை விட்டு வெளியேறி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் சைவதூஷண பரிகாரம் என்ற நூலை வெளியிட்டார். பாதிரிமார், சைவர் செய்யும் அபிஷேகம், தூபதீபம், நைவேத்தியம், ஆசௌசம் எல்லாம் அறியாமை என்று இகழ்ந்துகொண்டிருந்த காலம். நாவலர் என்ன செய்தார்? நீங்கள் புனிதமெனக் கொள்ளும் பழைய ஏற்பாட்டிலே தூபம் இல்லையா, விளக்கு இல்லையா, படையல் இல்லையா, தீட்டு விதிகள் இல்லையா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். உங்கள் வீட்டில் இருப்பதை எங்கள் வீட்டில் கண்டு எப்படிச் சிரிக்கிறீர்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

அவர் தம் வீட்டாரையும் விட்டுவைக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோயில்களில் உயிர்ப்பலி கூடாது என்றார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகம முறைப்படி நடைபெறவில்லை என்று அச்சிட்டே கண்டித்தார். ஊரார் விரோதத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. சாதி விஷயத்தில் மட்டும் அவர் தம் காலத்தைக் கடந்து வரவில்லை. மலைநாட்டில் இருந்து பேசும் நான் அதை மறைத்துவிட்டுப் புகழ முடியாது.

என் சங்கடம் அந்த வாதத்திலேதான் தொடங்கிற்று. நானும் பாதிரிமார் தொடங்கிய பாடசாலையிலே படித்தவன். காலை ஜெபத்தில் எல்லோரும் தலை குனிவோம். "தலையைக் குனிந்துகொள், உள்ளே முருகா என்று சொல்லிக்கொள்" என்று அப்பாயி சொல்லி அனுப்புவார். அப்படியே செய்தேன். மேல் வகுப்பில், பிறர் வேதத்தில் பொருந்தாதவை எவை என்று நண்பர்களோடு சேர்ந்து தேடுவது எங்களுக்கு ஒரு விளையாட்டு. கடல் பிளந்தது எப்படி, இறந்தவன் எழுந்தது எப்படி என்று கேட்போம். ஒருநாள் அதே கேள்வியை நம் புராணங்களை நோக்கித் திருப்பினேன். நிற்கவில்லை. நாவலர், இரண்டும் ஒரே தன்மையின, ஆகவே எம்மை இகழாதே என்றார். நான், இரண்டும் ஒரே தன்மையின, ஆகவே இரண்டையும் ஏற்பதற்கில்லை என்ற முடிவுக்கு வந்தேன். ஒரே கத்தி, பிடித்த பக்கம் வேறு.

நாவலர் வழிச் சென்றோர் இதற்கு விடை கூறுவர். புராணம் வேறு, அதன் தத்துவம் வேறு என்பர். அனுபவமே சாட்சி என்பர். அந்த விடையை நான் அலட்சியம் செய்யவில்லை. எனக்கு அந்த அனுபவம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். வாய்த்தவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இப்போது கோவூருக்கு வருவோம். அவர் 1898இல் கேரளத்துத் திருவல்லாவிலே, சிரியன் கிறிஸ்தவ குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாவிலே தாவரவியல் கற்றார். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அங்கே அவரிடம் விவிலிய பாடத்தையும் ஒப்படைத்தார்களாம். மாணவர் எல்லோரும் பரீட்சையிலே நன்றாகச் சித்தியடைந்தனர். அடுத்த ஆண்டு அப்பாடம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. காரணம் கேட்டபோது, பிள்ளைகள் பரீட்சையில் தேறினார்கள், சமயத்தைத்தான் இழந்துவிட்டார்கள் என்ற கருத்தில் அதிபர் விடை சொன்னார் என்று கூறுவர். பின்னர் காலி றிச்மண்ட் கல்லூரி, கல்கிசைப் பரிதோமாவின் கல்லூரி, கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி ஆகியவற்றில் கற்பித்து, 1959இல் ஓய்வுபெற்றார். ஓய்வு என்பது பெயரளவிலேதான். அதன் பிறகே அவருடைய பெரும்பணி தொடங்கிற்று.

இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக 1960 முதல் இறக்கும்வரை இருந்தார். 1963இல் ஒரு சவால் விடுத்தார். ஏமாற்று வித்தைக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ், தெய்வ சக்தியையோ மந்திர சக்தியையோ நிரூபித்துக் காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் பரிசு. அக்காலத்து ஒரு இலட்சம் எவ்வளவு பெரிய தொகை என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். வெறும் விளம்பரத்திற்காக வருவோரைத் தடுப்பதற்காக ஆயிரம் ரூபாய் பிணைப்பணம் கட்ட வேண்டும் என்றும் விதித்தார். மூடிய உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைச் சொல்லுதல், தண்ணீர் மேல் நடத்தல், தண்ணீரைப் பெட்ரோலாக்குதல் என்றவாறு சோதனைகள் இருந்தன. 1978இல் அவர் கண் மூடும்வரை அப்பணத்தை வென்றவர் எவருமில்லை. தம் கண்களைப் பார்வையற்றோருக்கும், உடலை மருத்துவ மாணவருக்கும் எழுதி வைத்துவிட்டே சென்றார்.

சவாலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய மற்றொரு வேலை. பேய் வீடு, கல் விழும் வீடு, ஆவி பிடித்த பெண் என்று ஊரெங்கும் செய்தி வந்தால், அவர் அங்கே போவார். வீட்டாரைத் தனித்தனியே இருத்திப் பேசுவார். பெரும்பாலும், பேய்க்குப் பின்னால் மனிதரே இருப்பார். அவரும் மனநோவினால் துன்பப்படும் ஒருவராகவே இருப்பார். கல்லெறிந்தது யார் என்று தெரிந்த பிறகு சபையைக் கூட்டி அவமானப்படுத்துவது அவருடைய வழக்கமன்று. மனோவசிய முறையாலும் ஆறுதலாலும் அவர்களைக் குணப்படுத்த முயன்றார். அவருடைய அனுபவக் குறிப்பொன்றைத் தழுவி மலையாளத்தில் ஒரு படமும், 1973இல் தமிழில் 'மறுபிறவி' என்ற படமும் வந்தன.

ஆகக் கோவூரின் வாழ்க்கையில் இரண்டு முகங்கள் உள. சக்தி உண்டு என்று சொல்லிக் காணிக்கை வாங்குபவனிடம் சவால். சக்தி பிடித்துக்கொண்டது என்று நடுங்குபவளிடம் வைத்தியம். சவால் விட்டபோதும் என்னை நம்பு என்று கேட்கவில்லை. தம் கைப்பணத்தை மேசைமேல் வைத்தார், தோற்றால் தாமே கொடுப்பதற்கு. பிறர் நம்பிக்கையை அசைக்க வருகிறவன் தானும் எதையாவது பணயம் வைக்கிறானா என்று நான் முதலில் பார்ப்பேன். பேராதனை விடுதியிலே தேநீர் குடித்துக்கொண்டு, கிராமத்தவரின் மூடநம்பிக்கையைப் பற்றி நண்பர்கள் சிரிக்கும்போது அவர்கள் எதையும் பணயம் வைப்பதில்லை.

கோவூரிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு இலட்சம் ரூபாய்ச் சவால் சித்து விளையாடுபவனுக்குப் பொருந்தும். அப்பாயிக்கு அது எப்படிப் பொருந்தும்? விபூதியை வானத்திலிருந்து வரவழைப்பேன் என்று அப்பாயி சொல்லவில்லையே. இரவு படுக்கும்போது "தாயே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்கிறார், அவ்வளவே. எந்த நிபந்தனையின் கீழ் அதைச் சோதிப்பது? சோதிக்கக்கூடிய கூற்று வேறு, சாய்ந்துகொள்ளும் தோள் வேறு. பகுத்தறிவாளர் சிலர் இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பது பகுத்தறிவுக்கே பொருந்தாது என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஊருக்கு வருவோம். நம் வாசல் வழியே போகும் இந்தப் பெருந்தெரு என்ன தெருவென்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா? கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய நம் மூதாதையர், நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியெல்லாம் அவர்களைத் தின்றன. வைத்தியர் இல்லை, துரைமாருக்கு ஆள் எண்ணிக்கைதான் கணக்கு. விழுந்தவரைப் பாதையோரத்திலே விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். அவர்கள் தங்களோடு கொண்டுவந்த தெய்வம் எது? மாரி. அம்மை நோயின் தாய். வேறு தெய்வத்தைவிட அவளையே ஏன் இறுகப் பிடித்தார்கள் என்பதற்கு அந்தப் பாதையே விடை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பெருமையைப் பேசுகிறவர்கள் கோபுரத்தின் உயரத்தைச் சொல்வார்கள். மாசிமகத் தேரைச் சொல்வார்கள். எனக்கு அது, நடந்து வந்து உயிர் பிழைத்தவர்கள் போட்ட முதல் மூச்சாகவே தோன்றுகிறது. நம்பிக்கையில்லாத நான் அந்த வாசலில் செருப்பைக் கழற்றும்போது நடிப்பதாக எனக்குத் தோன்றுவதில்லை.

ஆனால், இதோடு நான் நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னவனாவேன். பெரியம்மையை உலகத்திலிருந்து ஒழித்தது எது? 1796இல் ஜென்னர் என்ற ஆங்கில வைத்தியர் கண்ட அம்மைப்பால். ஊர் ஊராகச் சென்று குத்திய ஊழியர்களின் உழைப்பால், 1980இல் அந்நோய் உலகில் இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாரியை வேண்டிய நம் பாட்டிமார் பிழைத்ததுமுண்டு, மாண்டதுமுண்டு. அம்மைப்பால் குத்தியவர்களோ பெரும்பாலும் பிழைத்தார்கள். இதைச் சொல்வது தாயைப் பழிப்பதாகுமா? இன்றும் ஒரு வீட்டிலே குழந்தைக்குக் காய்ச்சலோடு கொப்புளம் கண்டால், "ஆத்தா வந்திருக்கிறாள், மருந்து கொடுக்கக்கூடாது" என்கிறோம். வேப்பிலை கட்டுங்கள், வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள், அயலார் உள்ளே வராமல் இருப்பதும் நல்லதே. ஆனால் மூச்சு வாங்குகிறது, குழந்தை கண் திறக்கவில்லை என்ற பிறகும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் இருந்தால், அந்த நம்பிக்கையை அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே எதிர்த்துப் பேசுவேன். மரியாதையாகப் பேசிப் பயனில்லையென்றால் மரியாதையில்லாமலும் பேசுவேன்.

மனம் கலங்கிய பெண்ணைப் பேய் பிடித்ததென்று வேப்பங்குழையால் அடிக்கும்போதும் அப்படியே. செவ்வாய் தோஷம் என்று ஒரு கட்டத்தைக் காட்டி, ஒரு குற்றமும் செய்யாத அக்காமாரை முப்பத்தைந்து வயதுவரை வீட்டிலே இருத்தும்போதும் அப்படியே. பரிகாரம் என்று கூலிக்காரரின் ஒரு மாதச் சம்பளத்தைச் சுருட்டும்போதும் அப்படியே. நம் பக்கத்தை மட்டும் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நீரிழிவுக்காரரை ஊசியை நிறுத்தச் சொல்லும் சுகமளிக்கும் கூட்டங்களும் இதே வரிசைதான். இவ்விடங்களில் எல்லாம் ஒருவர் நம்புகிறார், வேறொருவர் விலை கொடுக்கிறார். விலை கொடுப்பவர் பெரும்பாலும் குழந்தை, அல்லது பெண், அல்லது ஏழை. நம்புகிறவர் தாமே தம் விலையைக் கொடுக்கும்போது, நான் கருத்தைக் கேட்டால் சொல்வேன். கேளாவிட்டால் சும்மா இருப்பேன்.

எதிர்த்துப் பேசுவது எப்படி? இதற்கு மூன்று உதாரணங்கள் நினைவுக்கு வருகின்றன. 1873இல் பாணந்துறையிலே பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு நாள் பகிரங்க விவாதம் நடந்தது. மிகெட்டுவத்தே குணானந்த தேரர் ஒரு பக்கம், டேவிட் டி சில்வா பாதிரியார் மறுபக்கம். ஆயிரக்கணக்கில் சனம். தேரர் பக்கம் வென்றதாகச் சனங்கள் ஆரவாரம் செய்தனர். அச்சான விவாதத்தைப் படித்தே கேணல் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தார் என்பது சரித்திரம். அடக்கப்பட்ட ஒரு சமயத்தார் நிமிர்ந்து நிற்க அது உதவிற்று, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே சென்றவர்களில் எத்தனை பேர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்? பகிரங்க மேடையில் கைதட்டல் கிடைக்கும். மனம் மாறுவது பெரும்பாலும் அடுப்பங்கரையிலே, இருவர் தனித்திருக்கையிலேதான்.

இரண்டாவது, பெரியார் ஈ.வெ.ரா. அவர் 1932இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்புகையில் இலங்கைக்கும் வந்தவர். நம் தோட்டப் பகுதிகளிலும் அவ்வியக்கத்தின் குரல் ஒலித்தது. இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தை 1962இல் அரசாங்கம் தடை செய்யும் அளவுக்கு ஒலித்தது. 1953இல் பெரியார் திருச்சியில் பிள்ளையார் பொம்மையைப் பகிரங்கமாக உடைத்தார். வழக்கு இந்திய உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1958இல் வந்த தீர்ப்பு படிக்கத்தக்கது. ஒரு கூட்டத்தார் புனிதமெனக் கொண்ட பொருள் எவ்வளவு அற்பமானதாயினும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியது, பிறர் சமய உணர்ச்சியை நீதிமன்றங்கள் மதிக்க வேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். எனினும் காலம் கடந்துவிட்டமையால் வழக்கை மேலே நடத்தப் பணிக்கவில்லை. இதே பெரியார் குன்றக்குடி மடத்துக்குச் சென்றபோது, அளித்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பர். அவருடைய தொண்டர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லையாம். எனக்கு, பொம்மையை உடைத்த பெரியாரைவிடத் திருநீற்றை ஏற்ற பெரியார் பெரியவராகத் தெரிகிறார். கோயில் வாசலைத் தாழ்த்தப்பட்டவருக்கு மூடியவர்களோடு போராடுவதற்குப் பிள்ளையாரை உடைக்க வேண்டியதில்லை. அந்த உடைப்பிலே புண்பட்டவர்களுள் தாழ்த்தப்பட்ட பக்தரும் இருந்திருப்பார். இது என் கருத்து. மன்றத்திலே இதற்கு மாறுபடும் தோழர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசட்டும்.

மூன்றாவது நமக்கு மிக அருகில் இருக்கிறது. மாத்தளைக்குப் பஸ்ஸிலே போகும்போது அளுவிகாரையைக் கடந்து போகிறோம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே, வாய்மொழியாக வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அதுவென்பது மரபு. அத்திரிபிடகத்திலே காலாமர் என்ற மக்களுக்குப் புத்தர் சொன்ன போதனையொன்று உண்டு. வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, நூலில் உள்ளது என்பதற்காகவோ, எம் குரு சொன்னார் என்பதற்காகவோ ஒன்றை ஏற்க வேண்டாம். அதனால் தீங்கு விளைகிறதா நன்மை விளைகிறதா என்று நீங்களே அறிந்து பாருங்கள் என்பது அதன் கருத்து. அங்கே புத்தர் யாருடைய நம்பிக்கையையும் உடைக்கவில்லை. குழம்பி வந்தவர்கள் கேட்டார்கள். பார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். அதே திரிபிடகத்தைப் போற்றும் இந்நாட்டிலே, 2019இல் சிங்கள எழுத்தாளர் சக்திக்க சத்குமார ஒரு சிறுகதை எழுதியதற்காக நான்கு மாதம் மறியலில் இருந்தார் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2021இல் அவர் விடுவிக்கப்பட்டார். பேசுவதைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பது பயத்தினாலும்தான் என்று யாராவது சொன்னால் முழுக்க மறுக்கமாட்டேன்.

பெரியவர் ஒருவர் என்னிடம் நேரே கேட்டார்: "நம்பிக்கையில்லை என்கிறாய், அப்பாயி திருநீறு பூசினால் நெற்றியைக் காட்டுகிறாய். இது வேஷமல்லவா?" நியாயமான கேள்வி. பேராதனைக்குப் புறப்படும்போதெல்லாம் அப்பாயி திருநீறு பூசுவார். அவர் கைவிரல் நெற்றியில் படும்போது, அது கடவுளைப் பற்றிய ஒரு கூற்று என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. பேரன் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று அவர் அறிந்த மொழியில் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த மொழி எனக்கும் தெரியும். ஆனால் அப்பாயியே ஒருநாள், "சாமி உண்டென்று நீ நம்புகிறாயா?" என்று கேட்டார். "இல்லை, அப்பாயி" என்றேன். பொய் சொல்லியிருந்தால் அதுதான் வேஷம். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "உனக்காகவும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொள்கிறேன்" என்றார். இந்த ஏற்பாட்டில் எங்கள் இருவருக்கும் தகராறு ஒன்றுமில்லை.

தம்பி தங்கைகள் கேட்டால் விஷயம் வேறு. பத்து வயதுப் பிள்ளையிடம் "சாமி இல்லை" என்று முடிவாகச் சொல்வது, "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்வதைப் போன்றதே. இரண்டும் யோசிக்கவிடாத பேச்சு. "எனக்கு நம்பிக்கையில்லை, அப்பாயிக்கு உண்டு, இரண்டு பேரிடமும் ஏன் என்று கேள்" என்கிறேன். இந்நாட்டிலே சாதாரண தரம்வரை சமயபாடம் கட்டாயம். அதிலே பிள்ளைகள் நாயன்மாரின் வரலாறுகளை மனனஞ் செய்து புள்ளி வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்கும் பாடம் அங்கே இல்லை. மன்றத்தின் ஞாயிறு வகுப்பிலாவது பரபக்கத்தின் முதற்பகுதியை, உலகாயதன் கட்சியையும் மறுப்பையும் ஒன்றாக வைத்துக் கற்பிக்கலாம் என்று பெரியோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம்பிக்கையுள்ள பிள்ளைக்கு அது உரமாகும். இல்லாத பிள்ளை தான் தனியன் அல்லன் என்று அறிந்துகொள்ளும்.

கடைசியாக ஒரு விஷயம். இதற்காகவே இத்தலைப்பை எடுத்தேன். நம் மன்றத்தின் விதிப்படி, உறுப்பினர் இந்துசமயத்தில் நம்பிக்கையுடையவராய் இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரி உண்டு; பதினாறு வயதில் நானும் கையெழுத்திட்டேன். அன்று அது உண்மை. இந்த ஆண்டு புதுப்பிக்கும் படிவம் வந்தபோது அந்த வரியை வெட்டிவிட்டு மீதியில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 10ஆம் உறுப்புரையிலே சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் சுதந்திரம் தருகிறது. ஆனால் அதைக் காட்டி மன்றத்தோடு நான் வழக்காடப் போவதில்லை. சங்கம் தன் விதியைத் தானே வகுக்கலாம். விதி அப்படியே இருக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தால், விலகிக்கொள்கிறேன். மனவருத்தம் இருக்கும், கோபம் இராது.

செயற்குழு ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும். 1983 யூலையிலே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை எரித்தார்கள், தேரும் எரிந்தது. லயங்களையும் கடைகளையும் எரித்தார்கள். எரித்தவர்கள், இதில் நம்புகிறவன் யார், நம்பாதவன் யார் என்று விசாரித்துப் பிரிக்கவில்லை. அந்த அடியை நம் வீடுகளில் எல்லோரும் சேர்ந்தே வாங்கினார்கள். பிறகு கோயிலை எழுப்பியபோதும், கல் சுமந்தவர்களிடமும் காசு கொடுத்தவர்களிடமும் உன் நம்பிக்கையின் அளவென்ன என்று யாரும் கேட்டதாக நான் அறியேன். மன்றம் ஒரு சமயக் கூட்டமா, அல்லது அந்த அடியையும் அந்தப் பாதையையும் பங்குபோட்டுக்கொண்ட மக்களின் கூட்டமா? முன்னதாயின் எனக்கு இங்கே இடமில்லை. பின்னதாயின் அந்த ஒரு வரியை மாற்றி எழுதலாம். எப்படி எழுதலாம் என்று ஒரு வாசகத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இருக்கும் உறுப்பினர் எவருடைய நம்பிக்கைக்கும் அதனால் குறைவு வராது.

அருணந்தி சிவாசாரியார் எல்லா ஆகமங்களையும் கரைத்துக் குடித்தவர். மெய்கண்டாரின் தந்தைக்குக் குலகுரு. அவர், இளைஞரான மெய்கண்டாரைச் சோதிக்க வேண்டுமென்றே வந்து, ஆணவத்தின் வடிவம் எப்படியிருக்கும் என்று கேட்டார் என்றும், மெய்கண்டார் ஒன்றும் பேசாமல் அவரையே ஏற இறங்கப் பார்த்தார் என்றும் மரபு சொல்கிறது. பெரியவர் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டு சீடரானார். பயப்படாதீர்கள், நான் மெய்கண்டார் அல்லன், உங்களை அப்படிப் பார்க்கவும் மாட்டேன். உங்கள் கேள்விகள் என்னைச் சோதிக்கட்டும் என்பதற்காகவே சொன்னேன். தலைவர் அவர்கள் இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெரியவர்கள் முதலில் கேட்கலாம்.